வேலையை விட்டுட்டு மனநலத் துறைக்குப் போகலாமா? எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும்?

"ஐடி வேலை போதும்னு ஆயிடுச்சு. சைக்காலஜி படிச்சுட்டு கவுன்சலர் ஆகலாம்னு பார்க்கிறேன். ஆன்லைன்ல ஒரு எம்.ஏ. போட்டா போதும்ல?"

அலுவலக கேன்டீனில் இந்தக் கேள்வியை நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். கேட்டதே நீங்களாகவும் இருக்கலாம். கேள்வியின் முதல் பாதியில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். கடந்த சில ஆண்டுகளில் இந்தப் படிப்புகளுக்கான விதிகள் பல மாறிவிட்டன. அது தெரியாமல் பணத்தையும் இரண்டு வருடத்தையும் கொடுத்துவிட்டு, "இந்தச் சான்றிதழை வெச்சு பதிவு செய்ய முடியாதாமே" என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

ஆள் தேவை இருக்கிறதா என்றால், நிச்சயமாக இருக்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இந்தியாவில் இல்லை.

ஆனால் ஆள் தேவை என்பதாலேயே எந்தப் படிப்பு படித்தாலும் வேலை கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

'கவுன்சலர்' என்பவர் யார்?

நம் ஊரில் மனநலம் சம்பந்தப்பட்ட எல்லோரையும் 'டாக்டர்' அல்லது 'கவுன்சலர்' என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. போன்ற மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதித் தரக்கூடியவர் இவர்தான். நீட் பிஜி, அல்லது நிம்ஹான்ஸ், எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கான ஐஎன்ஐ-செட் தேர்வு வழியாகப் போக வேண்டும். நீங்கள் ஏற்கெனவே டாக்டர் இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடலாம்.

அடுத்தவர் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருந்து எழுத மாட்டார். உளவியல் சோதனைகள் செய்வது, நோயை மதிப்பிடுவது, முறையான தெரபி கொடுப்பது இவர் வேலை. இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில், பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ம் ஆண்டு ஆர்சிஐ சட்டப்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். சிறைப் பகுதி சிரிப்பதற்கு இல்லை.

மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகிய இருவரையும் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தனித்தனியாகப் பெயர் சொல்லி வரையறுக்கிறது. 'கவுன்சலர்' என்ற பெயருக்கு அப்படி ஒரு வரையறை அந்தச் சட்டத்தில் இல்லை. மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் வாங்கியவரும், இரண்டாண்டு முழுநேரம் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி படித்தவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள முடிவது இதனால்தான்.

எம்.ஃபில். கதை: கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்

பல பத்தாண்டுகளாக மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு இருந்த ராஜபாட்டை ஒன்றுதான். உளவியலில் முதுகலை முடித்து, அதன்மேல் ஆர்சிஐ அங்கீகரித்த இடத்தில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. பெயர் எம்.ஃபில். என்றாலும் இது வெறும் ஆராய்ச்சிப் பட்டம் அல்ல. மாணவர்கள் வார்டிலும் புறநோயாளிகள் பிரிவிலும் உட்கார வேண்டும். நோயாளியின் வரலாறு எழுதுவது, நுண்ணறிவுச் சோதனை போடுவது, தெரபி அமர்வுகள் நடத்தி மூத்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது எல்லாம் பயிற்சியின் பகுதி. நிம்ஹான்ஸ், ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனம் போன்ற இடங்களில் சீட் கிடைப்பது எப்போதுமே குதிரைக் கொம்புதான்.

பிறகு 2020-ல் புதிய கல்விக் கொள்கை வந்தது. எம்.ஃபில். பட்டமே வேண்டாம் என்றது. 2022-ல் யுஜிசி விதிகள் அதை நிறுத்தின. ஆராய்ச்சிக்காக எம்.ஃபில். படித்தவர்களுக்கு இது பெரிய இழப்பில்லை, நேராகப் பிஎச்.டி. போய்விடலாம். ஆனால் மனநலத் துறையில் அது தொழில் உரிமத்துக்கான கதவு. 2017 சட்டம் மருத்துவ உளவியலாளரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் வரையறுக்கும்போது 'எம்.ஃபில்.' என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. சட்டம் கேட்கும் பட்டத்தை யுஜிசி நிறுத்தினால் புதிதாக ஆள் எங்கிருந்து வருவார்கள்? எதிர்ப்பு வந்த பிறகு, இந்த இரண்டு எம்.ஃபில். படிப்புகளுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை நடத்தலாம் என்று யுஜிசி 2024 தொடக்கத்தில் அவகாசம் கொடுத்தது.

இதற்கிடையே ஆர்சிஐ தன் பங்குக்குப் புதிய ஏணி ஒன்றைப் போட்டிருக்கிறது. நான்காண்டு பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஹானர்ஸ், அதன்மேல் இரண்டாண்டு எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி. சை.டி. என்ற தொழில்முறை முனைவர் பட்டமும் உண்டு. மருத்துவ உளவியலாளர் என்பதற்கு 'ஆர்சிஐ அங்கீகரித்த தகுதி' பெற்றவர் என்றும் 2017 சட்டத்தில் ஒரு வரி இருப்பதால், இந்தப் புதிய பட்டங்களுக்கு இடம் இருக்கிறது.

இங்கேதான் பலர் கால் வைத்து வழுக்குகிறார்கள். 'எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி' என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்கள் நீண்ட காலமாகப் படிப்பு நடத்துகின்றன. பெயரில் 'கிளினிக்கல்' இருப்பதாலேயே அது ஆர்சிஐ அங்கீகாரம் பெற்றது ஆகாது. பல்கலைக்கழகத்துக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதே என்றால், அது வேறு, இது வேறு. கல்லூரி விளம்பரத்தை மூடி வைத்துவிட்டு ஆர்சிஐ இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, நீங்கள் சேரப்போகிற ஆண்டு ஆகிய மூன்றும் அங்கே பட்டியலில் இருக்க வேண்டும். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்று அட்மிஷன் கவுண்டரில் சொன்னால், வந்த பிறகு சேர்ந்துகொள்ளுங்கள்.

"வேலையில இருந்துக்கிட்டே தொலைதூரத்துல படிக்கலாம்ல?"

இந்த வழி இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் 2021-ல் வந்தது. அதன் பட்டியலில் மருத்துவ உளவியலாளர் அல்லாத மற்ற உளவியலாளர்களும், மருத்துவ மற்றும் மனநலச் சமூகப் பணியாளர்களும் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தைக் காட்டி, உளவியல் உள்ளிட்ட சுகாதாரப் படிப்புகளைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று யுஜிசி 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தடை போட்டது.

வேலையில் இருந்துகொண்டே துறை மாற நினைத்தவர்களுக்கு இது அடிதான். சிறு ஊர்களில் இருந்து, குழந்தையையும் பார்த்துக்கொண்டு படித்த பெண்களுக்கு இன்னும் பெரிய அடி. ஆனால் தடைக்குப் பின்னால் உள்ள காரணத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. எதிரே ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதைப் பாடப் புத்தகம் பிடிஎஃப்-ஆக வந்தால் கற்றுக்கொள்ள முடியாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கவே பழக்கம் வேண்டும். என்னைக் கேட்டால், வகுப்பை ஆன்லைனிலும் பயிற்சியை நேரிலும் கட்டாயமாக்கியிருந்தால் இரண்டு பக்கமும் நியாயம் கிடைத்திருக்கும்.

அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, இதுவரை உரிமமே இல்லாத கவுன்சலிங் உளவியலாளர்களுக்கும் ஒரு பதிவேடு வரும். அன்றைக்கு உங்கள் பட்டத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். இப்போது சேரும்போதே முழுநேர, நேரடி வகுப்பு, மேற்பார்வையுடன் களப்பயிற்சி உள்ள படிப்பாகப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

பலரும் எட்டிப் பார்க்காத இரண்டு வாசல்கள்

எல்லோரும் உளவியல் வாசலிலேயே வரிசையில் நிற்கிறார்கள். சமூகப் பணி வாசலில் கூட்டம் குறைவு. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் மருத்துவம் மற்றும் மனநலம் என்ற சிறப்புப் பிரிவு உண்டு. இளங்கலையில் என்ன படித்திருந்தாலும் பல கல்லூரிகளில் சேர முடியும், பொறியியல் படித்தவர்களும் இதில் அடக்கம். நோயாளியின் குடும்பம், வேலை, வீடு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், கிராமத்தில் இருக்கும் பயம் என்று மாத்திரைக்கு வெளியே உள்ள எல்லாமே இவர் பொறுப்பு. சென்னையில் 1993-ல் தொடங்கிய தி பான்யன், தெருவில் கைவிடப்பட்ட மனநலம் பாதித்த பெண்களை மீட்டுக் குடும்பத்தோடு சேர்ப்பதில் பெயர் பெற்றது. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோயில் வேலை செய்கிறது. இந்த மாதிரி இடங்களின் முதுகெலும்பே சமூகப் பணியாளர்கள்தான்.

செவிலியர் படிப்பு முடித்தவராக இருந்தால் மனநலச் செவிலியத்தில் ஓராண்டு டிப்ளமோ அல்லது இரண்டாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது. வெளிநாட்டிலும் தேவை உண்டு.

வேலை எங்கே?

அரசுப் பக்கம் முதலில் மாவட்ட மனநலத் திட்டம். 1996-ல் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டக் குழுவிலும் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் இருக்க வேண்டும் என்பது திட்டம். வேலை அர்த்தமுள்ளது. ஒரே நாளில் நீங்கள் பார்க்கும் நோய்களின் வகை நகரத்துக் கிளினிக்கில் ஒரு மாதத்திலும் வராது. ஆனால் பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில்தான். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், சில மாதம் தாமதமாகும் சம்பளம் என்பதெல்லாம் இதில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார்.

அடுத்தது தொலைபேசிச் சேவை. மத்திய அரசின் டெலி மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. முதல் அடுக்கில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், தேவைப்பட்டால் இரண்டாம் அடுக்கில் நிபுணர்கள். அந்த முதல் அடுக்குதான் புதிதாகப் படித்து வருபவர்களுக்கான வாய்ப்பு. டாடா சமூக அறிவியல் நிறுவனம் மும்பையிலிருந்து 2012 முதல் நடத்தும் ஐகால் இன்னொரு உதாரணம்.

பள்ளி, கல்லூரிகளில் இனி கதவு அகலமாகத் திறக்கலாம். சுக்தேவ் சாஹா வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள், குறைந்தது ஒரு தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளரை நியமிக்க வேண்டும் என்றது. பயிற்சி மையங்களுக்கும் இந்த வழிகாட்டுதல்கள் பொருந்தும். குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி வேண்டும் என்பதையும் நீதிமன்றம் சேர்த்தே சொல்லியிருக்கிறது. நேர்காணலுக்குப் போகும்போது, கவுன்சலர் பதவியோடு ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலமும் எடுக்கச் சொல்வார்களா என்று கேட்டுவிடுங்கள். நடக்கிற கதைதான்.

கார்ப்பரேட் ஊழியர் நலத் திட்டங்களில் வேலை செய்ய உங்கள் ஐடி அனுபவமே ஒரு தகுதி. டெட்லைன், ரிலீஸ், லேஆஃப் என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர் உங்களிடம் சொன்னதை ஹெச்.ஆர். ஒருநாள் கேட்கும். மனநலச் சேவை பெறுபவரின் ரகசியம் காக்கப்படுவது 2017 சட்டப்படி அவருடைய உரிமை.

பணம்

தனியாகக் கிளினிக் வைத்தால் ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று வாங்கலாம். ஆனால் வாடிக்கையாளர் சேர ஆண்டுகள் ஆகும். உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பாலிசிகள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. வாராவாரம் வரும் தெரபிக்கு ஆள் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. மாசக் கடைசியில் அமர்வுகள் ரத்தாவது அதனால்தான்.

படிப்புச் செலவிலும் வித்தியாசம் பெரிது. நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும், அந்த இரண்டு வருடமும் வேறு வருமானம் இருக்காது. உளவியல் அடிப்படைப் பட்டம் இல்லாதவர் என்றால் முதுகலைக்கு இரண்டு, மருத்துவப் பயிற்சிக்கு இரண்டு என்று குறைந்தது நான்கு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஹோம் லோன் இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்ட பிறகுதான் ராஜினாமா கடிதம்.

வேலையை விடுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் முழுக்கத் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது, அவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. இதனால் பட்டமோ பதிவோ கிடைக்காது. ஆனால் அடுத்தவர் துயரத்தை மணிக்கணக்கில், அறிவுரை சொல்லாமல், கேட்டுக்கொண்டிருக்க உங்களால் முடியுமா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்.