விண்ட்ஷீல்டு (மரபு வடிவ மோட்டார் சைக்கிள்)

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் மார்பிலும் முகத்திலும் நேராக அடிக்கும் காற்று, தூசி, பூச்சி, மழை ஆகியவற்றைத் திருப்பிவிடுவதற்காக ஹேண்டில் பாருக்கு முன்னால் பொருத்தப்படும் வளைந்த பிளாஸ்டிக் தகடு விண்ட்ஷீல்டு எனப்படும். ராயல் என்ஃபீல்டு புல்லட், கிளாசிக் 350, இன்டர்செப்டர் 650, ஜாவா, ஹோண்டா சிபி 350 போன்ற மரபு வடிவ வண்டிகளில் ஓட்டுபவர் முதுகை நிமிர்த்தி உட்காருகிறார். அவருக்கு முன்னால் வட்டமான ஹெட்லைட் ஒன்றைத் தவிர மறைப்பு எதுவும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் ஷிப்டு நேரம் தவறாமல் இத்தகைய வண்டியில் போய்வருபவருக்கு இது அலங்காரப் பொருள் அல்ல. சரியாகத் தேர்ந்தெடுத்தால் கழுத்துவலியும் களைப்பும் குறையும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் இரவில் பார்வையையே கெடுத்துவிடும்.

வரலாறு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை அமைந்த திருவொற்றியூர், 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அந்த மாவட்டத்தில் இருந்தது. 2018-இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது சென்னையோடு சேர்ந்தது. பின்னாளில் உற்பத்தி தெற்கே ஒரகடத்துக்கும் (2013) வல்லம் வடகாலுக்கும் (2017) விரிந்தது.

விண்ட்ஷீல்டு வாங்குபவருக்கு இந்த வரலாற்றில் ஒரு விஷயம் முக்கியம். 1954-இல் ராயல் என்ஃபீல்டு தன் வண்டிகளில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், இரு பக்கமும் சிறு பைலட் விளக்குகள் எல்லாவற்றையும் ஃபோர்க்கின் தலையோடு ஒரே கூடாகச் சேர்த்தது. அந்தக் கூடு புல்லட்டிலும் கிளாசிக்கிலும் இன்றுவரை தொடர்கிறது. இன்டர்செப்டர் போன்று ஹெட்லைட்டுக்குத் தனிக் கிண்ணம் உள்ள வண்டிகளில் அதன் இரு பக்கமும் ஃபோர்க் குழாய் வெளியே தெரியும். அங்கே க்ளாம்ப் போடுவது எளிது. கிளாசிக்கில் அந்த இடத்தைக் கூடு மூடிவிடுகிறது. இன்டர்செப்டருக்கு என்று விற்கும் ஷீல்டு கிளாசிக்கில் உட்காராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

உலக அளவில் மூன்று வடிவங்கள் வழிகாட்டின. 1969-இல் ஹார்லி டேவிட்சன் எலெக்ட்ரா கிளைடுக்கு ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும் வௌவால் சிறகு வடிவ முகப்பைக் கொடுத்தது. 1971-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் கிரெய்க் வெட்டர் ஃபிரேமிலேயே பொருத்தும் விண்ட்ஜாமரைக் கொண்டுவந்தார். 1976-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய முழு முகப்போடு விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் 350-ஐ அறிமுகம் செய்தபோது, அதன் சூப்பர்நோவா வகைக்கு விண்ட்ஷீல்டைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது.

காற்றின் கணக்கு

வேகம் இரு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். நிமிர்ந்து உட்கார்ந்த ஒருவரின் மார்பு, தோள், தலையின் முன்பரப்பை ஏறத்தாழ 0.3 சதுர மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அவர்மேல் விழும் விசை இரண்டேகால் கிலோ எடைக்குச் சமம். 80 கி.மீ.யில் அது ஒன்பது கிலோவாகிறது. அந்த ஒன்பது கிலோவையும் கையும் கழுத்தும் வழி முழுக்கத் தாங்க வேண்டும். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்கள் பெட்ரோல் டேங்கின் மேல் குனிந்து படுத்ததும் இந்தக் கணக்குக்காகத்தான். சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அப்படிப் படுக்க முடியாது.

ஆகவே எந்தச் சாலை என்பதே முதல் கேள்வி. சென்னையிலிருந்து திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர் செல்லும் சாலையில் ஊர்களும் சிக்னல்களும் அடுத்தடுத்து வருவதால் வேகம் 60-ஐத் தாண்டுவது அரிது. அங்கே ஹெட்லைட்டுக்கு மேல் நிற்கும் சிறிய வைசரே போதும். பலருக்கு அதுவும் தேவைப்படாது. மாதவரம், செங்குன்றம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் ஜி.என்.டி. சாலை அப்படிப்பட்டதல்ல. இது தேசிய நெடுஞ்சாலை 16-இன் பகுதி. வண்டி நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடுகிறது. கூடவே கன்டெய்னர் லாரிகளும், கம்பி ஏற்றிய டிரெய்லர்களும், சாம்பலும் எம்-சாண்டும் கொட்டிக்கொண்டே போகும் டிப்பர்களும் ஓடுகின்றன.

பக்கக் காற்றையும் இங்கே கணக்கில் எடுத்தாக வேண்டும். சாலை ஏறக்குறைய தெற்கு வடக்காகப் போகிறது. கடல் கிழக்கே இருக்கிறது. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும் வேளையில்தான் இரண்டு மணி ஷிப்டுக்காரர்கள் வடக்கே போகிறார்கள். அவர்களுக்குக் காற்று வலப்பக்கம் அடிக்கிறது. முதல் ஷிப்டு முடித்துத் தெற்கே திரும்புகிறவர்களுக்கு அதே காற்று இடப்பக்கம். ஹேண்டில் பாரிலோ ஃபோர்க்கிலோ மாட்டிய பெரிய ஷீல்டு, அந்தக் காற்றை வாங்கி நேராக ஸ்டியரிங்குக்குக் கொடுத்துவிடும். காரனோடையில் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் போன்ற திறந்த இடத்திலும், லாரியைத் தாண்டி அதன் மறைவிலிருந்து வெளிவரும் நொடியிலும் ஹேண்டில் சட்டென்று ஒரு பக்கம் இழுக்கும். அகலமான டூரிங் ஷீல்டை இந்தச் சாலைக்குப் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இது. இருபது குதிரைத்திறன் மட்டுமே உள்ள 350 சிசி எஞ்சினுக்கு அது கூடுதல் சுமை என்பது இரண்டாவது காரணம்.

உயரம்

தேர்வில் மிக முக்கியமானது உயரம். பலர் சறுக்குவதும் இங்கேதான். ஷீல்டின் ஊடாகப் பார்க்கக் கூடாது. அதன் விளிம்புக்கு மேலாகப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஓட்டும் நிலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தால், மேல்விளிம்பு மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட மட்டத்தில் நிற்க வேண்டும். விளிம்பில் மோதி மேலே எழும் காற்று, விளிம்பைத் தாண்டியும் சில அங்குலம் உயர்ந்தே பின்னால் போகும் என்பதால், இந்த உயரத்திலேயே அது நெற்றிக்கு மேல் கடந்துவிடுகிறது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே இதை அளந்துவிடலாம். சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, சீட்டின் ஃபோம் அமுங்கும்வரை இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். பழைய காலண்டர் அட்டையை ஹெட்லைட்டுக்கு முன்னால் செல்லோடேப்பால் ஒட்டி, வேறொருவர் அதை மேலும் கீழும் நகர்த்தட்டும். கண் தரையிலிருந்து 1.45 மீட்டர் உயரத்திலும், அட்டையின் விளிம்பு கண்ணுக்கு அரை மீட்டர் முன்னாலும் 5 செ.மீ. கீழேயும் இருந்தால், விளிம்பை ஒட்டிப் போகும் பார்வை பதினான்கரை மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடும். விளிம்பு 7 செ.மீ. கீழே இருந்தால் பத்து மீட்டரிலேயே தொடும். பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் வந்தால் அந்த உயரம் சரி. ஐந்தரை அடிக்காரருக்கு அமைந்த ஷீல்டு ஆறடிக்காரருக்கு அமையாது. நண்பரின் வண்டியில் நன்றாக இருந்தது என்று அதே அளவை வாங்குவது வீண்செலவு.

விளிம்புக்கு மேலாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்கு எதிர் லாரியின் விளக்கு ஷீல்டின் ஒவ்வொரு மழைத்துளியிலும் கீறலிலும் சிதறும். மோட்டார் சைக்கிளில் வைப்பர் கிடையாது. முதல் மழைக்குப் பின் புழல், சோழவரம் ஏரிகளை ஒட்டிய பகுதியில் ஈசல் கிளம்பும் மாலைகளில், ஷீல்டு சில கிலோமீட்டருக்குள் ஒட்டிய இறக்கைகளால் மங்கிவிடுகிறது.

ஷீல்டு மாட்டிய பின் ஹெல்மெட்டில் இரைச்சலும் தலையில் அதிர்வும் கூடினால், விளிம்பில் உடைந்த சுழற்காற்று தலையிலேயே மோதுகிறது என்று பொருள். ஆளில்லாத சாலையில் சற்றே தலையைத் தாழ்த்திப் பார்க்கலாம். அப்போது அமைதியானால் ஷீல்டு குட்டை. ஃபுட்ரெஸ்டில் லேசாக எழும்போது அமைதியானால் ஷீல்டு நெட்டை. உடனே புதியது வாங்க வேண்டியதில்லை. சாய்வைக் கொஞ்சம் மாற்றினாலே பெரும்பாலும் தீரும். ஷீல்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைவதும் இந்த அதிர்வுக்கு ஒரு காரணம் என்பதால், அடிப்பக்கத்துக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் காற்று புக இடைவெளி விட வேண்டும்.

பொருள்

சந்தையில் கிடைப்பவை இரண்டு. 1930-களில் வந்த அக்ரிலிக் நன்றாகத் தெளிவாக இருக்கும். ஏறக்குறைய 92 விழுக்காடு ஒளியைக் கடத்தும். ஆனால் கல் பட்டால் கூரான துண்டுகளாக உடையும். 1953-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட பாலிகார்பனேட் ஒளி கடத்துவதில் சற்றுக் குறைவு. அடி தாங்குவதில் அக்ரிலிக்கைவிடப் பல மடங்கு மேல். அதன் குறை எளிதில் கீறல் விழுவதும் வெயிலில் மஞ்சளாவதும். டிப்பரிலிருந்து ஜல்லி தெறிக்கும் சாலைக்கு, கீறல் தாங்கும் பூச்சும் புற ஊதாக் காப்பும் கொண்ட பாலிகார்பனேட்டே ஏற்றது. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் பொருள் என்ன, பூச்சு உண்டா என்று கேட்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவில் ஓட்டுபவருக்குத் தெளிவான தகடுதான். புகை நிறம் விளிம்புக்குக் கீழே உள்ள பள்ளத்தை மறைத்துவிடும்.

பொருத்துதல்

ஹேண்டில் பார் பெரும்பாலும் 22 மி.மீ. குழாய். ஃபோர்க் அப்படியல்ல: பழைய கிளாசிக்கில் 35 மி.மீ., 2021-இல் வந்த புதிய கிளாசிக்கில் 41 மி.மீ. வண்டியின் ஆண்டைச் சொல்லியே க்ளாம்ப் வாங்க வேண்டும். மாட்டிய பின் ஹேண்டிலை இரு முனைவரை திருப்பி, டேங்கிலோ கிளட்ச் கேபிளிலோ இடிக்கிறதா, முன் நம்பர் பிளேட்டையும் இண்டிகேட்டரையும் மறைக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தாங்கி வைப்பதற்காக ஃபிரேமைத் துளைப்பதோ பற்றவைப்பதோ கூடாது.

பாலிகார்பனேட் வெப்பத்தில் எஃகைவிட ஐந்தாறு மடங்கு விரியும். அரை மீட்டர் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் மே மாத வெயிலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ரப்பர் வாஷர் வேண்டும். மெக்கானிக் பலமாக இறுக்கினால் சில மாதத்தில் துளையைச் சுற்றி முடிபோல் விரிசல் ஓடும். நட்டு கழலாமலிருக்க ஊற்றும் திரவப் பசையும் இந்தப் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும். நைலான் நட்டு போதும்.

பராமரிப்பு

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் படக் கூடாது. தொழிற்சாலையில் கைக்குக் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும். அதில் ஒருமுறை துடைத்தாலே ஷீல்டு பாழ். ஈரத் துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் காய்ந்த பூச்சி ஊறிவிடும். பிறகு மென்மையான சோப்பு நீரும் சுத்தமான பருத்தித் துணியும் போதும். வண்டியை வெயிலில் நிறுத்தும்போது அதன் பின்பக்கம் சூரியனை நோக்கி இருக்கக் கூடாது. தகட்டின் குழிந்த உட்புறம் ஒளியைக் குவித்து ஸ்பீடோமீட்டரின் மூடியை உருக்கக்கூடும்.

ஜி.என்.டி. சாலையில் ஷிப்டுக்குப் போய்வரும் கிளாசிக், புல்லட் ஓட்டிகளுக்கு மேலுதட்டு மட்டத்தில் நிற்கும், தோளளவைவிடக் குறுகிய, தெளிவான, பூச்சுள்ள பாலிகார்பனேட் ஷீல்டே தகுந்தது. ஆடி மாதக் காற்றிலும் புயல் எச்சரிக்கை நாட்களிலும் எளிதில் கழற்றி வைக்கும்படியான க்ளாம்ப் இருந்தால் இன்னும் நல்லது. ஷீல்டு மாட்டிவிட்டோம் என்று ஹெல்மெட்டின் வைசரைத் தூக்கிவிட்டு ஓட்ட வேண்டாம். பக்கத்து லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல் ஷீல்டின் ஓரத்தைத் தாண்டித்தான் வரும்.