எரிமலைக்கு ஜாதகம்!

'இந்தக் கல்லுக்கு வயசு பத்து லட்சம் வருஷம்' என்று எரிமலைப் பாறையைக் காட்டி விஞ்ஞானி சொன்னால் தலையாட்டுகிறோம். யார் போய் சரிபார்ப்பது என்கிறீர்களா?

சரிபார்த்தார்கள்! உதவியவர், பிளினி என்கிற ரோமானிய இளைஞர். கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்து பாம்பெய் நகரம் புதைந்தபோது அவருக்கு வயது 17. கடற்படைத் தளபதியான தாய்மாமன், மக்களைக் காப்பாற்றக் கப்பலில் போனார், திரும்பவில்லை. பிற்பாடு மருமகன் அதை இரண்டு கடிதங்களில் எழுதிவைத்தார். ஆக, வருஷத்தில் சந்தேகமில்லை. (மாதம்தான் தகராறு. ஆகஸ்ட் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் பாம்பெய்ச் சுவரில் கிடைத்த ஒரு கரிக்கிறுக்கல், 'இல்லை, அக்டோபர்' என்று குழப்பிவிட்டது!)

எரிமலைக் குழம்பில் பொட்டாசியம் உண்டு. அதில் பத்தாயிரத்தில் ஓர் அணு கதிரியக்க ரகம். அது சிதைந்து, ஒரு பகுதி ஆர்கான் வாயுவாகிறது. பாதி சிதையவே 125 கோடி வருஷம்! கொதிக்கும் குழம்பிலிருந்து பழைய ஆர்கான் பறந்துவிடும். இறுகியதும் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடும். உள்ளே சிறைப்பட்ட ஆர்கானை அளந்தால் வயசு தெரியும்.

ஆனால் இரண்டாயிரம் வருஷத்தில் என்ன பெரிதாகச் சேர்ந்திருக்கும்? 1997-ல் பால் ரென்னி குழுவினர் வெசூவியஸ் கக்கிய நுரைக்கல்லின் படிகங்களைச் சோதித்தார்கள். தப்பினால் ஆதிமனிதன் பற்றிய தேதிகள்கூட ஆட்டம் காணும். போதாக்குறைக்கு, பறக்காமல் ஒட்டிக்கொண்ட பழைய ஆர்கான் வேறு, அதையும் கழித்தார்கள். விடை: 1925 வருஷம், முன்னே பின்னே 94. நிஜ வயது 1918!

எத்தியோப்பியாவின் 'லூசி'க்கு 32 லட்சம் வயசு என்று சொன்னதும் இதே கடிகாரம்தான். எலும்பை அல்ல, அதனருகே படிந்திருந்த எரிமலைச் சாம்பலை அளந்து.