கப்பலை வென்ற கணை

கோலா கங்சாரில் 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட ரப்பர் மரமொன்று இன்றும் நிற்கின்றது. அம்மரத்தின் இனம் பெருகித் தோட்டங்களாகி, நம் முன்னோரைக் கடல் கடந்து வரவழைத்தது. அத்தோட்டங்களைக் காக்குமென நம்பப்பட்டவை பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்கள். அந்நம்பிக்கை ஒரே நண்பகலில் மூழ்கிய கதையையும், அதன்பின் கப்பலெதிர்ப்பு ஏவுகணை வளர்ந்த வரலாற்றையும் நாம் அறிந்து கொள்ளுதல் நலம்.

1941 டிசம்பர் 2ஆம் நாள் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெருங் கப்பல்கள் சிங்கப்பூரை அடைந்தன. 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளும், அவற்றினும் கொடிய டார்ப்பிடோக்களும் இரண்டையும் மூழ்கடித்தன. மாண்டோர் 840 பேர். தாக்குதல் வேளையில் காவலுக்கு ஒரு விமானமும் உடனில்லை. அம்மாதம் முடியுமுன் கோலா கங்சாரும் ஈப்போவும் வீழ்ந்தன. துரைமார் தெற்கே ஓடினர். தொழிலாளிக்கோ ஓட இடமில்லை. பின்னர் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம்மவருள் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. கப்பற் போரை அறியாதவனே அதன் விலையைக் கொடுத்தான்!

அந்த டார்ப்பிடோவுக்குக் கண் இல்லை; விட்ட திசையில் நேரே ஓடுவதே அதன் இயல்பு. ஆதலின் விமானி, பீரங்கிகளுக்கு எதிரே கப்பலை நெருங்க வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து எய்து, எய்தபின்னும் வழிநடத்துவது எப்படி? 1943 செப்டம்பர் 9இல் ஜெர்மானியர் வானொலி அலையால் செலுத்திய 'பிரிட்ஸ் எக்ஸ்' குண்டுகள் இத்தாலியின் 'ரோமா' கப்பலை அழித்தன. ஆயினும் அக்குண்டுக்கு எஞ்சின் இல்லை. கண்ணும் விமானத்திலிருந்த மனிதனுடையதே. கண்ணைக் கணையிலேயே பொருத்தியது அடுத்த படி. 1967 அக்டோபர் 21இல் எகிப்தின் சிறு படகுகள் ஏவிய சோவியத் 'ஸ்டிக்ஸ்' கணைகள் இஸ்ரேலின் 'எய்லாத்' கப்பலை மூழ்கடித்தன. 1971 டிசம்பர் 4ஆம் நாள் இரவில் இந்தியப் படகுகள் அதே இனக் கணையால் கராச்சிக்கருகே பாகிஸ்தானின் 'கைபர்' கப்பலை வீழ்த்தின. சிறியது பெரியதை வெல்லும் காலம் வந்தது.

கணையின் முக்கிய உறுப்புக்கள் நான்கெனலாம். முகப்பிலுள்ள ராடார் அலையை அனுப்பி, அது கப்பலிற் பட்டு மீள்வதைக் கொண்டு இலக்கை அறியும். சுழலி, உயரமானி முதலிய கருவிகள் திசையையும் பறக்கும் உயரத்தையும் காக்கும். வெடிமருந்துப் பகுதி கப்பலைப் பிளக்கும். எஞ்சின் கணையை உந்தும். திட எரிபொருள் பலவற்றில் தூளைப் பிணைத்து நிறுத்துவது ரப்பர் போன்றதொரு செயற்கைப் பொருளே என்பது, ரப்பர்க் காட்டில் வாழ்ந்த நமக்கு வியப்பூட்டும்.

'பிரமோஸ்' என்றதும் பிரம்மாஸ்திரம் என்று மகிழ்வார் உளர். பிரம்மபுத்திரா, மாஸ்க்வா என்னும் இரு நதிகளின் பெயர்ச் சேர்க்கையே அது. 1998இல் இந்தியாவும் ருஷ்யாவும் செய்த உடன்படிக்கையிற் பிறந்து, 2001 ஜூன் 12இல் முதற் சோதனை கண்டது. அதன் வேகம் ஒலியினும் ஏறத்தாழ மும்மடங்கு. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலிற் பிறந்த சிவதாணு பிள்ளை. அவர் மந்திரம் செபித்தா அதனைச் செய்தார்? கணிதமும் பௌதிகமும் கற்றன்றோ செய்தார்!

கொலைக் கருவியைப் போற்றுவது நம் நோக்கமன்று. 1941இல் தன் வாழ்வைக் கவிழ்த்தது எது என்பதை நம் பாட்டன் அறியான். விதியென்று தலையிலடித்துக் கொண்டான். இன்று நம் பேராக்கிலேயே, லூமுட்டில், கடற்படைத் தளம் இருக்கின்றது. அங்குள்ள கப்பலைக் கண்டு, "இது எப்படி இயங்குகிறது?" என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். அவனுக்கு விடை தெரியாவிடினும், விடையுள்ள புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள்.