மெனிக்பாமில் எங்களைக் கடித்தது

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது ஏறக்குறைய 2,80,000 சனம் முகாம்களுக்குள் இருந்தது. பெரும்பாலானோர் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில், மெனிக்பாமில். அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெரிய மனுசரின் பெயர்கள். எங்களுக்கு அப்ப பத்து வயசும் இல்லை. ஐந்து பேருக்கான கூடாரத்தில் இரண்டு குடும்பம் படுத்தோம். ஒரு மாதம் போக, இரவில கடி தொடங்கியது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு.

சொறி. அம்மாமார் அதை வெளியில் சொல்லவே வெட்கப்பட்டார்கள். "ஊத்தையில வாறது" என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடம் போன பிறகும் "சொறியன்" என்ற பட்டம் எங்களில் சிலரை விடவில்லை.

அந்த நினைப்புப் பிழை என்பதை இன்னொரு போர் எப்பவோ காட்டிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினரிடம் சொறி பரவியது. போர்வைதான் காரணம் என்று நம்பி, அவற்றைச் சூடேற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். 1941இல் ஷெஃபீல்டில் கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள், போருக்குப் போகமாட்டோம் என்று மறுத்த ஆட்கள். (இதை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.) சொறி வந்த படையினரின் தோய்க்காத உள்ளாடைகளைப் போட்டார்கள், அவர்களின் போர்வைக்குள் படுத்தார்கள். மிகச் சிலருக்குத்தான் தொற்றியது. தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டிக் கிடந்தால்தான் பூச்சி ஆள் மாறும். ஒருவரின் உடம்பில் இருப்பதும் சராசரியாக ஒரு டசின் பெண் பூச்சிகள்தான். குளித்தாலும் அவை போகாது, தோலுக்குள் குழி தோண்டி இருப்பவை.

முதல் தடவை தொற்றினால் கடி தொடங்க நாலு முதல் ஆறு கிழமை ஆகும். எங்கட அந்த ஒரு மாதக் கணக்கு இதுதான். ஒரு பிள்ளை கிளினிக் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் படுத்த எல்லாருக்கும் அது ஏறிவிட்டிருக்கும். கிளினிக் கொப்பியில் விழுவதோ ஒரு பெயர். பூசத் தருகிற வெள்ளை மருந்து, பென்சைல் பென்சோயேட், எரியும், ஆனால் வேலை செய்யும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசவேண்டும், அவ்வளவுதான். கூடாரத்தில் "வீட்டார்" என்று யாரை எண்ணுவது?

உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்குச் சொறி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான்.

மெனிக்பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. எங்களில் ஒருத்தியின் அம்மா இன்றைக்கும் பாயை ஒரு முழம் தள்ளித்தான் போடுவா.