யாழ் நகரின் வாசல்கள்

யாழ்ப்பாண நகரை ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்பர். 1990 இல் தடைப்பட்ட புகையிரதப் போக்குவரத்து 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ் நகரை எட்டிய பின்னர், காலையில் வந்திறங்கிக் கோட்டையையும் நூலகத்தையும் நல்லூரையும் கண்டு இரவில் திரும்புதல் பலருக்கும் எளிதாயிற்று. கல்விச் சுற்றுலா வரும் மாணவரும் இவ்வழியிலேயே செல்கின்றனர். கட்டடங்களைக் காண ஒரு பகல் போதும். அக்கட்டடங்கள் யாருடைய வரலாற்றைக் கூறுகின்றன என்னும் வினாவை மாணவர் உள்ளத்தில் எழுப்புவது ஆசிரியராகிய நமது கடமை. ஆகவே, ஒவ்வோரிடத்தும் வாசலிற் சற்றே நின்று, இது யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைத்திருந்தது என்று கேட்போம்.

முதலிற் கோட்டை. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்த போர்த்துக்கேயர் கடனீரேரிக் கரையில் இதனை எழுப்பினர். 1658 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி ஐங்கோண வடிவிற் புதுக்கிக் கட்டினர். வெளியரண்கள் 1792 இல் நிறைவெய்தின. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், ஆங்கிலேயர் எதிர்ப்பின்றி உட்புகுந்தனர். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து நாட்டு மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன. கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவனின் பெயர் எக்கொத்தளத்துக்கும் இல்லை. ‘ஊழியம்’ என்ற பெயரில் ஊதியமற்ற கட்டாய உழைப்பை ஒல்லாந்தர் ஆட்சி மக்கள்மீது சுமத்தியிருந்தது. 1707 இல் அவ்வாட்சியின் கட்டளைப்படி தொகுக்கப்பெற்ற தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அந்நியன் ஆண்டான், உள்ளூரில் உடைமை பெற்றோர் அவன் நிழலில் தம் ஆதிக்கத்தைப் பேணினர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இலேதான்.

கோட்டைக்கு அருகே பரந்து கிடப்பது முற்றவெளி. வெறும் திடல் என்று கடந்து செல்வோர் பலர். 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள், தீண்டாமையை எதிர்த்துச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடிக்கும் கலையாது வந்த அம்மக்கள் இத்திடலிலே கூடினர். தேநீர்க்கடையில் சமமாக அமரவும் கோயிலுள் சென்று வழிபடவும் அவர்கள் உரிமை கோரினர். இன்று எளியவையாகத் தோன்றும் இவற்றுக்காக இம்மண்ணில் உயிர்கள் பலியாயின என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

அண்மையிலேயே நூலகம். 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூற்சேகரம், பொதுமக்களின் நன்கொடையாலும் முயற்சியாலும் வளர்ந்து, 1959 இற் சொந்தக் கட்டடம் கண்டது. நகரிற் பல வாசல்கள் சாதி கேட்டுத் திறந்த காலத்தில், படிக்க விரும்பும் எவரும் நுழையத்தக்க வாசலாக இது நின்றது. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு பொலிசாரும் கும்பலும் வைத்த தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. சுவர்களை மீண்டும் எழுப்பினோம். வேறு படியில்லாத சுவடியை எங்ஙனம் மீட்பது?

இனி, சுற்றுலாக்காரர் அரிதாகவே செல்லும் சோனகத் தெருவுக்கும் செல்வோம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்த முஸ்லிம் மக்களை, 1990 ஒக்டோபர் 30 ஆம் நாள், இரண்டே மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தையற்காரரும் இரும்பு வணிகரும் ஆசிரியரும் வெறுங்கையராய் வெளியேறினர். நூலகம் எரிந்ததைச் சொல்லும்போது குரல் உயர்த்தும் நாம், இத்தெருவில் வாய்மூடி நடப்போமாயின், நமது நீதியுணர்வு பாதி நீதியுணர்வேயாகும்.

மாலையில் நல்லூர். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தனர்; இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 18 ஆம் நூற்றாண்டில், எழுந்தது. இடித்த அந்நியனைப் பற்றிப் பலரும் பேசுவர். மீண்டும் எழுந்த கோயிலின் வாசல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1956 வரை அடைத்தே இருந்ததைப் பேசுவோர் சிலரே. சாதி காரணமாகப் பொதுவிடங்களில் மனிதரைத் தடுத்தல் குற்றம் எனச் சட்டம் வந்தது 1957 இல். அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் போராட வேண்டியிருந்தது. சட்டம் எழுதிய அளவில் கதவு திறந்துவிடுவதில்லை; தள்ளித் திறக்கும் கைகளும் வேண்டும்.

மாவிட்டபுரம் தவிர, இவ்வாசல்கள் யாவும் ஒரு மாலைக்குள் நடந்து காணத்தக்க தொலைவிலேயே உள்ளன. அவற்றை அடைத்தோருள் அந்நியரும் உளர், அரசும் உண்டு, நம்மவரும் உளர். இம்மூன்றையும் ஒருசேரக் கூறும் துணிவு வகுப்பறைக்கு வருமாயின், அந்த ஒரு நாட் பயணம் பாடப்புத்தகத்தின் பல பக்கங்களுக்கு ஈடாகும். இன்றும் நம் ஊர்களில் அடைபட்டுக் கிடக்கும் வாசல்கள் எவை என்று மாணவர் கேட்கத் தொடங்குவர். அவ்வினாவுக்கு விடை கூற நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.