மறதியும் ஹார்மோன் மாத்திரையும்: 80 ஆண்டுக் கதை



அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகிறது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகிறது. பனியன் கம்பெனியில் எண்ணிக்கொண்டிருந்த பீஸ் கணக்கு பாதியில் நழுவுகிறது. 45 வயதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு இது தெரிந்த அனுபவம்தான். நம் நாட்டில் மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 46, 47 வயதில். அப்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, தூக்கம் கெடுகிறது, மறதியும் எட்டிப் பார்க்கிறது. ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மூளைக்கு நல்லதா, கெட்டதா? ஒவ்வொரு காலத்திலும் இதற்கு ஒவ்வொரு பதில் வந்திருக்கிறது.

1942-இல் அமெரிக்காவில் 'பிரெமரின்' விற்பனைக்கு வந்தது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் அது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய், மாத்திரையால் பெண்மை நிலைக்கும் என்று புத்தகமே எழுதினார். விற்பனை ஏறியது. 1975-இல் அடி விழுந்தது: ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அதிகம் என்று தெரிந்தது. அதன்பின் கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1990-களில் இன்னொரு நம்பிக்கை பிறந்தது. மாத்திரை எடுத்த பெண்களிடம் மறதி நோய் குறைவு என்றன சில ஆய்வுகள். ஆனால் மாத்திரை எடுத்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். காத்தது மாத்திரையா, வசதியா?

அதை அறிய, குலுக்கல் முறையில் பெண்களை இரு பிரிவாக்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மார்பகப் புற்றுநோயும் இதய பாதிப்பும் கூடியதால் 2002 ஜூலையில் கூட்டு மாத்திரை ஆய்வை நிறுத்தினார்கள். 2003 மே மாதம் மூளை பற்றிய முடிவு வந்தது. 4,532 பெண்களில், மாத்திரை எடுத்த பிரிவில் 40 பேருக்கு மறதி நோய். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் 21 பேருக்கு. உலகமே பயந்தது.

பயத்தில் பலர் கவனிக்காதது ஒன்று: அந்த 4,532 பேரும் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். மாதவிடாய் நின்று 3 ஆண்டுக்குள் இருந்த பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. 4 ஆண்டு சிகிச்சையில் நினைவாற்றல் கெடவில்லை, கூடவும் இல்லை. சுமார் 10 ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் அதே நிலைதான். ஆக, இது ஞாபக சக்திக்கான மாத்திரை அல்ல. திடீர் உடல் சூடு, இரவு வேர்வை போன்ற தொல்லைகளுக்கான சிகிச்சை.

நம் வீடுகளுக்கு முக்கியமான செய்தி வேறொரு ஆய்வில் இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் முன்பே சினைப்பையை அறுவை சிகிச்சையில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகம் என்று 2007-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு காட்டியது. ஆனால் 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை.

"குழந்தைதான் பெத்தாச்சே, எடுத்துடலாம்" என்று 35 வயதிலேயே கர்ப்பப்பை எடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்பது பலருக்கே தெரியாது. பீரோவில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். எடுத்திருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, எனக்கு ஹார்மோன் தேவையா என்று கேளுங்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்க வேண்டாம்.

ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, நல்ல தூக்கம், மாலை நடை: இவை எந்த வயதிலும் மூளைக்கு நல்லவை. மறதி நாளுக்கு நாள் கூடினால், வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.