ஒரே பகலில் நான்கு ஐரோப்பிய நகரங்கள்

காஞ்சிபுரம் என்றுதான் புறப்பட்டோம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் திருப்பெரும்புதூர் – சிங்கப்பெருமாள் கோயில் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடத்தில் தேநீருக்காக நின்றபோது திட்டம் மாறிற்று. மகிழுந்துகளை அடுக்கிய நீண்ட டிரெய்லர் ஒன்று திரும்ப இடம் பார்த்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சு ரெனோவும் ஜப்பானிய நிஸ்ஸானும் கூட்டாக இங்கே ஆலை திறந்தது 2010இல். ஜெர்மானிய டைம்லரின் லாரி ஆலை வந்தது 2012இல். "ஐரோப்பியர் நம்மிடம் வருவது புதிதா என்ன? அன்று துணிக்கு வந்தார்கள்" என்றார் நண்பர். அவர்கள் கட்டிய ஊர்களை ஒரே பகலில் பார்த்துவிட முடியுமா? மேற்கே போகவேண்டிய வண்டி தெற்கே திரும்பியது.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரரின் செங்கற்கோட்டை, மெல்லிய மஸ்லினுக்குப் பேர்போன துறை. பூட்டிய கல்லறைத் தோட்டத்தைக் காவலர் திறந்துவிட்டார். பதினேழாம் நூற்றாண்டு வணிகர் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அந்தத் துணியை நெய்தவர் பெயர் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

புதுச்சேரியை அடைகையில் நல்ல வெயில். 1674இல் பிரான்சுவா மார்த்தேன் வளர்க்கத் தொடங்கிய ஊர். 1693இல் டச்சுக்காரர் பிடித்தனர். ஐரோப்பாவில் எழுதிய உடன்படிக்கையால் 1699இல் திரும்பக் கிடைத்தது. இவ்வூரில் நாங்கள் தேடிச் சென்றது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைத்தான். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த அவர் 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, சரக்கு விலை, ஆளுநர் மனைவியின் தலையீடு, சாதிச் சச்சரவு எல்லாம் அதில் உண்டு. அவரும் வணிகரே, நெசவாளரின் ஆள் அல்லர். ஆயினும் ஐரோப்பியரைத் தமிழ்க் கண்ணால் பார்த்த பதிவு வேறு எங்கே இவ்வளவு கிடைக்கிறது? 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு அவர் காலமானார். ஒரகடத்து ஆலைகளில் இப்போது யாரேனும் நாட்குறிப்பு எழுதுகிறார்களா என்று நண்பர் கேட்டார். எவரிடமும் விடையில்லை.

ஆங்கிலேயர் அவ்வூரை இடித்துத் தள்ளியதற்குக் காரணம் கடலூரில் இருக்கிறது. அங்கே புனித டேவிட் கோட்டையை 1758இல் லாலி தகர்த்திருந்தார். பழிக்குப் பழி. அக்கோட்டையை 1690இல் செஞ்சி மராத்தியரிடம் வாங்கிய விதம் வேடிக்கையானது. பீரங்கியை நாலா திசையும் சுட்டு, குண்டு போய் விழும் எல்லைவரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது பேச்சு. பெரிய பீரங்கியாகப் பார்த்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள்! குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. குண்டு விழுந்த வயல்காரனை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பரங்கிப்பேட்டையில் இறங்கவில்லை, பொழுது போய்க்கொண்டிருந்தது.

தரங்கம்பாடிக்குச் சேர்ந்தபோது டேன்ஸ்பர்க் கோட்டையைப் பூட்டிவிட்டார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் இசைவுடன் 1620இல் டேனியர் எழுப்பியது. 1706இல் இக்கரையில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று அச்சகமும் நிறுவினார். 1845இல், செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஊரோடு மக்களும் கைமாறினர்.

மதிலை ஒட்டிக் கடற்கரைக்கு நடந்தோம். கோட்டைக்கு மூன்று நூற்றாண்டு மூத்த மாசிலாமணி நாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சிய கருவறையில் யாரோ விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.